வேகத்துக்கு எத்தனை வோல்ட்?

ஒரு ப்ராசஸரைத் தொழிற்சாலை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதைத்தான் ஓவர்கிளாக்கிங் என்கிறோம். 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்குப் பேர்போனது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்ற அந்தச் சில்லு, மதர்போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100ஆக மாற்றியதும் 450இல் ஓடியது. வோல்டேஜைப் பெரிதாகத் தொட வேண்டிய அவசியம் பலருக்கு வரவில்லை. இன்று நிலைமை வேறு. சில்லுகளைத் தொழிற்சாலையிலேயே அவற்றின் எல்லைக்கு அருகே கொண்டுவந்துதான் விற்கிறார்கள். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் வோல்டேஜைக் கூட்டித்தான் விலை கொடுக்க வேண்டும். அதனால்தான் பயாஸைத் திறப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இந்தச் சில்லு எத்தனை வோல்ட் வரை தாங்கும்? அந்தக் கேள்வியிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. நான் விரும்பும் வேகம் தடுமாறாமல் ஓட, குறைந்தது எத்தனை வோல்ட் போதும் என்றுதான் கேட்க வேண்டும்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சில்லுக்குள் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கச் செலவாகும் மின்திறன், வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறுகிறது. வோல்டேஜோடு அதன் இருமடி விகிதத்தில் ஏறுகிறது. 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் ஒரு ப்ராசஸரை 4.95க்கு உயர்த்த 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடியது 10 சதவீதம். மின்செலவோ ஏறக்குறைய 39 சதவீதம் கூடிவிடுகிறது. சும்மா இருக்கும்போதும் கசியும் மின்சாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வோல்டேஜும் சூடும் ஏற ஏற அதுவும் ஏறும்.

"நல்ல கூலர் போட்டிருக்கிறேன், சூடு 80 டிகிரியைத் தாண்டவில்லை, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சூட்டைக் குறைப்பது உண்மையிலேயே சில்லின் ஆயுளைக் கூட்டும். ஆனால் வெப்பமானி காட்டாத தேய்மானங்கள் இருக்கின்றன. சில்லுக்குள் இருக்கும் நுண்கம்பிகளில் பாயும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களையே மெல்ல மெல்லத் தள்ளி நகர்த்துகின்றன. கம்பியின் ஆயுள் சூட்டை மட்டுமல்ல, அதன் குறுக்களவில் எவ்வளவு மின்னோட்டம் நெருக்கியடித்துப் பாய்கிறது என்பதையும் பொறுத்தது என்று ஜேம்ஸ் பிளாக் 1960களின் கடைசியிலேயே சமன்பாடு வகுத்துக் காட்டினார். டிரான்சிஸ்டரின் வாசலில் இருக்கும் மின்கடத்தாப் படலத்தின் தடிமனோ சில நானோமீட்டர்தான். அதன் மேல் விழும் மின்புலத்தை வோல்டேஜ்தான் தீர்மானிக்கிறது. தண்ணீர் கூலர் அந்தப் புலத்தை ஒரு துளியும் குறைக்காது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல என்பதை அண்மைக் காலத்தில் இரண்டு முறை பார்த்தோம். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள், குறிப்பாக ஐ9 வகை, சில மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு தடுமாறத் தொடங்கின. கேம் திறக்கும்போது, கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் போதவில்லை என்ற பிழைச்செய்தி வந்தது. குற்றமோ ப்ராசஸரில் இருந்தது. சில்லு தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் திருத்தம், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஏற்கெனவே தேய்ந்துபோன சில்லுகளை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில், சிறப்பாக எக்ஸ்3டி சில்லுகளில், அடிப்பகுதி வீங்கிக் கருகிய படங்கள் வெளியாயின. நினைவக வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும் சில மதர்போர்டுகள், நினைவகக் கட்டுப்படுத்தி இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே ஏற்றிவிட்டிருந்தன. பிறகு அதற்கு 1.30 வோல்ட் என உச்சவரம்பு வைத்தார்கள். இரண்டு சம்பவங்களிலும் பலர் வோல்டேஜ் அமைப்பைக் கையாலேயே தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓவர்கிளாக் செய்யும்போது வோல்டேஜை 'ஆட்டோ' என்று விட்டுவிடுவது பாதுகாப்பு ஆகாது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. ரைசன் 5000 சில்லுகள் தாமாகவே 1.45 வோல்ட்டைத் தொடுகின்றனவே, நான் அதையே நிரந்தரமாக வைத்தால் என்ன? அந்த 1.45 வோல்ட், ஓரிரு கோர்கள் லேசான வேலை செய்யும்போது வருவது. மின்னோட்டம் அப்போது குறைவு. எல்லாக் கோர்களும் முழுமூச்சில் இறங்கியதும் சில்லு தன் வோல்டேஜைத் தானே கீழே இறக்கிக்கொள்கிறது. நிலையான வோல்டேஜ் வைப்பவர் அந்தத் தற்காப்பைப் பறித்துவிடுகிறார்.

ஆகவே கீழிருந்து மேலே போவதே முறை. பயாஸைப் புதுப்பித்த பிறகு, வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, வோல்டேஜை அப்படியே வைத்துச் சோதிக்க வேண்டும். தடுமாறினால் 10 மில்லிவோல்ட் மட்டும் கூட்டி மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அடுத்த 100 மெகாஹெர்ட்ஸுக்கு முன்பைவிடப் பல மடங்கு வோல்டேஜ் கேட்கும், அங்கேயே நின்றுவிடலாம். இதில் பலரும் சறுக்குவது லோட்-லைன் காலிப்ரேஷன் அமைப்பில்தான். வேலை ஏறும்போது வோல்டேஜ் சற்றுச் சரிவது இயல்பு. சரிவே கூடாதென்று அந்த அமைப்பை உச்சத்தில் வைத்தால், கனமான வேலை சட்டென்று முடியும் கணத்தில் வோல்டேஜ் குறித்த அளவைத் தாண்டி எகிறும். அந்த எகிறல் மைக்ரோ வினாடிகளில் முடிந்துவிடும். வினாடிக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ அளக்கும் கண்காணிப்பு மென்பொருளின் கண்ணில் அது படவே படாது. நடுத்தர நிலையில் வைத்து, சரிவை ஏற்றுக்கொள்வதே நல்லது. சென்னை மாதிரி ஊரில் ஏசி இல்லாத அறைக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 22 டிகிரி அறையில் சோதித்த வெளிநாட்டு விமர்சகரின் எண்களை மே மாதத்து 38 டிகிரியில் அப்படியே நம்ப முடியாது. அறை ஏறிய 16 டிகிரியும் கிட்டத்தட்ட அப்படியே சில்லின் மேல் ஏறும்.

மூன்று ஆண்டில் புதியது வாங்கப்போகிறேன், தேய்ந்தால் தேயட்டும் என்பாரும் உண்டு. பணம் அவருடையது என்பதால் அதை முழுதாக மறுக்க முடியாது. ஆனால் தேய்ந்த சில்லு பெரும்பாலும் சட்டென்று சாவதில்லை. கணக்கைத் தவறாகப் போட்டுக்கொண்டே ஓடும். பிரித்த ஜிப் கோப்பு பழுதாகும், காணொளி ஏற்றுமதி பாதியில் நிற்கும், சேமித்த கோப்பு கெட்டிருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரியவரும். சென்னை ரிச்சி தெரு மாதிரி செகண்ட்ஹேண்ட் சந்தைக்கு அந்தச் சில்லு போனால், வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. நேற்றுவரை நிலையாக ஓடிய அமைப்பு ஒரு நாள் தடுமாறத் தொடங்கினால், இன்னும் 20 மில்லிவோல்ட் கூட்டிப் பார்க்கவே கை போகும். கூட்டினால் சில வாரம் ஓடவும் செய்யும், தேய்மானம் முன்பைவிட விரைவாகும். அந்த நாளில் வேகத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துவிடுங்கள்; வித்தியாசத்தைக் கேமிலோ எடிட்டிங்கிலோ கண்டுபிடிப்பது கடினம்.