ட்வைலைட்: ரத்தக்காட்டேரிக்கு ஏன் இத்தனை ரசிகைகள்?

1897-இல் பிராம் ஸ்டோக்கர் படைத்த டிராகுலாவைக் கண்டால் ஓடத் தோன்றும். 2005-இல் ஸ்டெஃபனி மேயர் எழுதிய ‘ட்வைலைட்’ எட்வர்டைக் கண்டால் கூடவே போகத் தோன்றுகிறது. நடுவுல என்னதான் நடந்துச்சு? 1976-லேயே ஆன் ரைஸ் ரத்தக்காட்டேரிக்கு மனசாட்சி கொடுத்துட்டார். மேயர் அதைப் பள்ளிக்கூட வகுப்பறைக்கே கூட்டி வந்தார்.

பெல்லாவுக்கு 17 வயசு. தன்னிடம் விசேஷமா எதுவும் இல்லைன்னு நினைக்கிறவள். அவளை உலகத்திலேயே முக்கியமானவளாக ஒருத்தன் பார்க்கிறான். அவள் ரத்தத்துக்கு ஏங்கியும் தன்னை அடக்கிக்கொள்கிறான். அந்த வயசுக்கு இதைவிட வேறென்ன கனவு வேணும்?

சிக்கலும் இங்கேதான். அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் புகுந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் நாவலில், ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடக்கூடாதென்று அவள் வண்டி இன்ஜினில் ஒரு பாகத்தையே கழற்றிவிடுகிறான். பிறந்ததோ 1901-இல்! இத்தனைக்கும் கதை வைக்கிற பெயர் ‘அக்கறை’.

படிக்கிற பிள்ளைகளைக் கேலி செய்ய வேண்டாம். அந்த ஏக்கம் நிஜம். ஆனா, அழகையும் சாகாவரத்தையும் கழிச்சுட்டு, இதையே பக்கத்துத் தெருப் பையன் செஞ்சதா நினைச்சுப் பாருங்க. பெல்லாவின் அப்பாவே ஊர் போலீஸ் அதிகாரி. கேஸ் அவர் மேசைக்கே வந்திருக்கும்.