துவக்கை யார் வைத்திருப்பது?

நெடுந்தீவில் மாதர் குழுக் கூட்டத்தை முடித்துக்கொண்டு, குறிகட்டுவானுக்குத் திரும்பும் படகுக்காக இறங்குதுறையில் நின்றிருந்தேன். வழியனுப்ப வந்த பெண்கள் நால்வரும் கூட நின்றார்கள். அப்போதுதான் லண்டனிலிருந்து அக்காவின் மகள் தொலைபேசி எடுத்தாள். வயது இருபது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கடற்காற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"சித்தி, நான் துவக்கு சுடப் பழகப் போறன். எந்தக் கிளப்பிலை சேருறது எண்டு தெரியேல்லை. அம்மாவோடை இதைக் கதைக்கவே ஏலாமல் கிடக்கு. நீங்கள் வரேக்கை என்னோடை வந்து பாருங்கோ."

சுற்றி நின்ற பெண்களின் முகம் மாறியது. "பெட்டைக்கென்ன விசரே?" என்றார் ஒருவர். எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் மட்டும் சிறிது நேரம் யோசித்துவிட்டு என்னைக் கேட்டார்: "பிள்ளை, சுட்டு முடிஞ்சாப் பிறகு அந்தத் துவக்கை ஆர் வச்சிருக்கிறது?"

அந்த நேரத்தில் என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் லண்டனில் கழகம் கழகமாக ஏறி இறங்கியபோது எனக்குக் கைகொடுத்தது அந்தக் கேள்விதான்.

எங்களுக்கு இது விளையாட்டுச் சொல் அல்ல

நான் வேலணையில் பிறந்தவள். 1990-91 காலத்தில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. 1995 ஒக்டோபரில் வலிகாமமே வெறிச்சோடிய அந்த இரவில் ஆறு வயதுப் பிள்ளையாக அக்காவின் கையைப் பிடித்து நடந்தேன். 2006 மே 13 அன்று எங்கள் தீவில் ஒரே இரவில் 13 பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பச்சைக் குழந்தையும் இருந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது.

ஆகவே "துவக்கு" என்றதும் எங்கள் பெண்களின் மனதில் ஒலிம்பிக் வருவதில்லை. கதவைத் தட்டும் சத்தம்தான் வருகிறது. அக்காவுக்கும் அப்படித்தான். அவர் 2000ஆம் ஆண்டில் திருமணமாகி லண்டன் போனவர். இன்றைக்கும் தீபாவளி வெடி கேட்டால் யன்னலைச் சாத்துகிறார்.

மகளுக்கோ இந்த நினைவு எதுவும் இல்லை. அவள் தோழியோடு ஒரு நாள் போய், பறக்கும் தட்டொன்றைச் சுட்டு உடைத்துவிட்டு வந்திருக்கிறாள். "சித்தி, அந்த நேரம் பரீட்சை, வேலை ஒண்டும் ஞாபகத்துக்கு வரேல்லை" என்றாள். தாயின் அச்சமும் உண்மை, மகளின் ஆசையும் உண்மை. சமூகப் பணியில் நான் அதிகம் சந்திப்பது இத்தகைய வீடுகளைத்தான். ஒருவரை மற்றவருக்காக வாய்மூடச் செய்வது தீர்வாகாது.

2025 கோடையில் அக்காவின் அழைப்பில் ஆறு வாரம் அங்கு தங்கக் கிடைத்தது. பெறாமகளோடு நானும் புறப்பட்டேன்.

மண்தட்டு என்பது என்ன?

ஒரு காலத்தில் இவ்விளையாட்டில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டே சுட்டார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அப்படி நடந்தது. இப்போது சுடுவது தட்டுகளை. ஆனாலும் ஆங்கிலேயர் பழைய நினைவில் அதை "மண்புறா" என்றே அழைக்கிறார்கள். பெயரில் மண் இருந்தாலும் தட்டில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். குறுக்களவு 11 சென்ரிமீற்றர், நிறை நூறு கிராமுக்குச் சற்று மேல். எங்கள் வீட்டுச் சிறு சாசரை விடவும் சிறியது.

இயந்திரம் தட்டை வானில் வீசும். சுடுபவர் சொட்கன் எனும் நீண்ட துவக்கால் அதைக் குறிவைப்பார். அதன் தோட்டாவில் ஒற்றைச் சன்னம் கிடையாது, நூற்றுக்கணக்கான சிறு ஈயக் குண்டுகள் இருக்கும். மூன்று வகைப் போட்டிகள் முக்கியமானவை. "ட்ராப்" போட்டியில் தட்டு நமக்கு முன்னாலிருந்து எழும்பித் தூரமாக ஓடும். "ஸ்கீற்" போட்டியில் இரு பக்கமும் உள்ள இரண்டு கூடுகளிலிருந்து குறுக்காகப் பறக்கும். "ஸ்போர்ட்டிங்" போட்டியில் பறவை எழும்புவது போலவும் முயல் ஓடுவது போலவும் பல விதமாக வரும். பெரும்பாலும் 25 தட்டுகள் ஒரு சுற்று. எதில் தொடங்குவது என்று முதல் நாளே முடிவெடுக்கத் தேவையில்லை. நல்ல பயிற்றுநர் மெதுவாகவும் நேராகவும் போகும் தட்டையே முதலில் தருவார்.

மூன்று கழகங்கள்

முதலாவது கழகம் வீட்டுக்கு மிகக் கிட்ட. போனவுடனேயே பெரிய துவக்கொன்றைப் பெறாமகளின் கையில் தந்தார்கள். எந்தக் கண் பலமானது என்று பார்க்கவில்லை. துவக்கின் பிடி அவளுடைய கைக்கு நீளமா என்றும் பார்க்கவில்லை. முதல் வெடியில் அவள் பின்னால் தள்ளாட, நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் தோளில் கன்றிப்போன தழும்பு. அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. தேநீர் குடிக்கும் இடத்தில் ஒருவர் மூடிய துவக்கோடு பேசிக்கொண்டு நின்றார். அதற்குள் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. யாரும் அவரைத் திருத்தவுமில்லை.

இரண்டாவது கழகம் ஒழுங்கானது. அழகான கட்டடம், விதிகளும் சுவரில் தொங்கின. ஆனால் செலவைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பாடத்துக்கு ஒரு காசு, தட்டுக்கு வேறு, தோட்டாவுக்கு வேறு, அங்கத்துவத்துக்கு வேறு. சில மாதங்களில் சொந்தத் துவக்கு வாங்கினால்தான் நல்லது என்றும் சொன்னார்கள். பகுதிநேர வேலை செய்து படிக்கும் பிள்ளைக்கு அது கட்டுப்படியாகாது.

மூன்றாவது சிறிய கழகம், ஒரு பண்ணை நிலத்தின் ஓரத்தில். பஸ் போகாத இடம், அத்தான்தான் காரில் ஏற்றிப் போனார். தொலைபேசியில் பேசியபோதே, "முதலில் வந்து சும்மா இருந்து பாருங்கள். சுடுவதைப் பிறகு யோசிக்கலாம்" என்றார் அங்கிருந்த பெண் பயிற்றுநர். போய்ப் பார்த்தோம். சுடும் இடத்தை விட்டு விலகும் ஒவ்வொருவரும் துவக்கை மடித்துத் திறந்து, குழல் வெறுமையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும்படி கொண்டு சென்றார்கள். ஒரு முதியவர் மறந்து மூடியபோது, பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி மரியாதையாக நினைவூட்டினாள். அவர் நன்றி சொல்லித் திறந்தார். அங்கேயே எனக்குப் பாதி முடிவு வந்துவிட்டது.

பெறாமகளின் கண்ணையும் சோதித்தார்கள். சகோதரிகளே, இதை நீங்களும் செய்து பார்க்கலாம். இரு கண்களையும் திறந்தபடி தூரத்துப் பொருளொன்றை விரலால் சுட்டுங்கள். பிறகு இடக்கண்ணை மூடுங்கள். விரல் அதே இடத்தில் நின்றால் உங்கள் வலக்கண் பலமானது, விரல் விலகினால் இடக்கண் பலமானது. வலக்கைப் பழக்கமுள்ள பெண்கள் பலருக்கு இடக்கண் பலமாக இருக்கும். பெறாமகளுக்கும் அப்படியே. இது தெரியாமல் நாள் முழுதும் சுட்டாலும் தட்டு உடையாது, பிள்ளை தன்னில்தான் குறை என்று மனமுடைவாள். பாரம் குறைந்த துவக்கும், உதைப்புக் குறைந்த தோட்டாவும் கொடுத்தார்கள். அன்று பத்துத் தட்டில் நான்கு உடைந்தன. தோளில் தழும்பு இல்லை.

பெண்களுக்கு இடம் உண்டா?

"இது ஆம்பிளையளின்ரை விளையாட்டு" என்று சொல்பவர்களுக்கு ஒரு வரலாறு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்கீற் போட்டியில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே கலந்துகொண்டார்கள். அதில் சீனாவின் ஷாங் ஷான் என்ற பெண் ஆண்கள் அனைவரையும் வென்று தங்கம் பெற்றார். இறுதிச் சுற்றுக்கு முன் 200 தட்டுகளில் 200ஐயும் உடைத்திருந்தார். அடுத்த ஒலிம்பிக்கில், 1996இல், ஸ்கீற் போட்டி ஆண்களுக்கு மட்டும் என்றாயிற்று. பெண்களுக்கென ஸ்கீற்றும் ட்ராப்பும் 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் வந்தன.

டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது ட்ராப்பில் வெண்கலம் வென்றவர் சான் மரினோ நாட்டின் அலெஸாண்ட்ரா பெரிலி. அந்த நாடு எங்கள் நெடுந்தீவை விடச் சற்றே பெரியது. அதன் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். 2024 பாரிஸில் பிரித்தானியாவின் அம்பர் றட்டர் குழந்தை பெற்று மூன்று மாதமளவில் வெள்ளி வென்றார். பக்கத்து நாடான இந்தியாவில் ட்ராப் போட்டிக்காக ஒலிம்பிக் சென்ற முதற் பெண் சகுன் சௌத்ரி, 2012இல். எங்கள் நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோவில் கலந்துகொண்டது தட்டுச் சுடுதலில் அல்ல, காற்றுத் துவக்குப் போட்டியில்.

ஆனாலும் கழகத்துக்குப் போகும்போது பார்க்க வேண்டியது பதக்கத்தை அல்ல. அங்கே வேறு பெண்கள் வருகிறார்களா, மலசலகூடம் துப்புரவாக இருக்கிறதா, துவக்கைத் தோளில் வைக்கக் கற்பிக்கும்போது தொடுவதற்கு முன் கேட்கிறார்களா என்பவைதான் முக்கியம்.

அக்காவின் நிபந்தனை

மூன்றாவது கழகத்துக்கு அக்காவும் வந்தார், ஆனால் காரை விட்டு இறங்கவில்லை. முதல் வெடி கேட்டதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் கைகளை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். எதுவும் சொல்லவில்லை. பயிற்றுநர் தேநீரும் காதுமூடியும் கொண்டுவந்து யன்னலால் தந்துவிட்டுப் போனார்.

இரண்டாம் முறை போனபோது அக்கா இறங்கி வேலியோரம் நின்றார். சுடுபவர் ஆயத்தமானதும் "புல்" என்று குரல் கொடுப்பார். அதன் பிறகே தட்டு பறக்கும், அதன் பிறகே வெடி. கனநேரம் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா மெல்லச் சொன்னார்: "சத்தம் அதே சத்தம்தான். ஆனால் இஞ்சை எப்ப வரும் எண்டு முதலே தெரியுது."

அன்றிரவு தாயும் மகளும் நெடுநேரம் பேசினார்கள். பிரித்தானியாவில் சொந்தமாக சொட்கன் வைத்திருப்பதற்குப் பொலிஸாரின் அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். வைத்தியரின் தகவலும் கேட்பார்கள், வீட்டுக்கும் வந்து பார்ப்பார்கள். துவக்கைப் பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் பொலிஸாரின் ஒப்புதல் பெற்ற இடத்தில், மேற்பார்வையோடு கழகத்தின் துவக்கால் தட்டுச் சுட, பழகுபவருக்கு அந்தப் பத்திரம் தேவையில்லை. அக்காவின் நிபந்தனை ஒன்றுதான்: "வீட்டுக்குள்ளை துவக்கு வரக்கூடாது." மகள் ஒத்துக்கொண்டாள். பயந்து ஒத்துக்கொள்ளவில்லை, 1995இல் நாங்கள் நடந்த கதையை முதன்முறையாக முழுதாகக் கேட்ட பிறகு ஒத்துக்கொண்டாள். அத்தனை வருடமும் அக்கா அதைச் சொல்லியிருக்கவில்லை.

சேரும் முன் கேட்க வேண்டியவை

எங்கள் தீவுகளில் இத்தகைய கழகம் இல்லை. இலங்கையில் துவக்கு அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆயினும் எங்கள் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் இன்று வெளிநாட்டில். நாளை உங்கள் பேத்தியோ பெறாமகளோ இதையே கேட்கலாம். அப்போது இவற்றைச் சொல்லுங்கள்:

1. காசு கட்டுமுன் ஒரு நாள் போய்ச் சும்மா பாருங்கள். பார்க்க விடாத கழகம் வேண்டாம்.

2. சுடாதவர்களின் கையில் உள்ள துவக்கைக் கவனியுங்கள். எல்லாம் திறந்து வெறுமையாக இருக்க வேண்டும்.

3. அந்நாட்டுச் சட்டத்தை முதலில் அறியுங்கள். பிரித்தானியாவில் ஒருவிதம். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சியில் சித்தியடைந்தால்தான் அனுமதிப்பத்திரம்.

4. கழகம் தேசியச் சங்கத்தில் பதிவானதா, காப்புறுதி உண்டா, பயிற்றுநர் தகைமை பெற்றவரா என்று கேளுங்கள். பிரித்தானியாவில் மண்தட்டுச் சுடுவோருக்கென்றே சங்கம் உண்டு.

5. காதுமூடி, கண்ணாடி, சிறிய அளவுத் துவக்கு ஆகியவை கழகத்தில் உண்டா என்று பாருங்கள்.

6. ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு முடியும் என்று எழுதிக் கேளுங்கள்.

7. போக்குவரத்தை யோசியுங்கள். மாதமொரு முறை போகக்கூடிய நல்ல கழகம், வாரந்தோறும் போகக்கூடிய கவனமற்ற கழகத்தை விட மேல்.

8. மனம் கலங்கியிருக்கும் நாளில் போக வேண்டாம். "இன்றைக்கு வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் மதிக்கும் பயிற்றுநரே நல்ல பயிற்றுநர்.

ஊர் திரும்பி மறுமாதம் நெடுந்தீவுக்குப் போனேன். கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா மறக்காமல் கேட்டார்: "என்ன பிள்ளை, துவக்கை ஆர் வச்சிருக்கினம்?"

"கழகத்திலைதான் அம்மா. சுட்டு முடிய எண்ணிப் பார்த்து, பூட்டி வைப்பினம். திறப்பு பொறுப்பானவரிட்டை."

அவர் தலையாட்டினார். "அப்ப சரி. பெட்டை சுடட்டும்" என்றார். பிறகு விரலை நீட்டி, தூரத்தே வந்துகொண்டிருந்த படகைச் சுட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "எனக்கும் இடக்கண்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.