மரைக்குள் எந்தப் பசை இறுகும்?

மூக்குக் கண்ணாடியின் பொடி ஸ்க்ரூவும் குக்கர் கைப்பிடியின் ஸ்க்ரூவும் எத்தனை முறை முறுக்கினாலும் சில வாரங்களில் மறுபடி லொடலொடக்கும். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு பசையைத் தடவி ஒரேயடியாக நிறுத்திவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அந்த யோசனையில் பிழையில்லை. எந்தப் பசைக்குப் பலம் அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் பிழை. காற்றுப் புகாத மரைக்குள் எந்தப் பசை இறுகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூவை முறுக்க நாம் செலவிடும் விசையில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் பொருள்களை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமாக மாறுகிறது. மீதியெல்லாம் தலைக்கு அடியிலும் மரைகளுக்கு இடையிலும் உராய்வாகப் போய்விடுகிறது. ஆனால் ஸ்க்ரூ பின்னோக்கிச் சுழலாமல் காப்பதும் அதே உராய்வுதான். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்க்ரூவுக்குக் குறுக்காக வரும் அதிர்வே மிகக் கொடியது என்று காட்டினார். பக்கவாட்டில் மரைகள் நழுவும் கணத்தில், திரும்புவதைத் தடுக்கும் உராய்வு அற்றுப்போகிறது. ஸ்க்ரூ தானாகவே கழல்கிறது. ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதாதா என்று கேட்கலாம். அது பூட்டுவதற்குப் பயன்படாது என்று நாசாவின் 1990-ஆம் ஆண்டுக் கையேடே சொல்லிவிட்டது. ஆக, மரைகளுக்கு இடையே உள்ள நூலிழை இடைவெளியை நிரப்பி, அந்த நழுவலுக்கே இடமில்லாமல் செய்வதுதான் பசையின் வேலை.

ஃபெவிகாலும் நெயில் பாலிஷும் இங்கேதான் தோற்கின்றன. ஃபெவிகாலில் உள்ள நீரும் நெயில் பாலிஷில் உள்ள கரைப்பானும் ஆவியாகி வெளியேறினால்தான் அவை இறுகும். இரு பக்கமும் உலோகம் அடைத்திருக்க, வாய்ப்பகுதி மட்டும் முதலில் காய்ந்து மூடிக்கொள்கிறது. உள்ளே பசை பச்சையாகவே கிடக்கிறது. ஃபெவிகாலின் ஈரம் இரும்பில் துருவையும் ஏற்றும். நெயில் பாலிஷ் வைத்த கண்ணாடி மாதக்கணக்கில் நிற்கிறதே என்பார்கள். உண்மைதான். அந்தச் சிறு ஸ்க்ரூவுக்கு வேண்டிய பிடிமானம் மிகக் குறைவு, தலையின் ஓரத்தில் காய்ந்த படலமே போதும். பின்னால் எளிதில் கழற்றவும் முடிவதால் அந்த இடத்துக்கு அது நல்ல தேர்வும்கூட. ஆனால் அதை நிரந்தரம் என்று சொல்ல முடியாது.

ஃபெவிக்விக் வகைப் பசையின் கதை வேறு. உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரமே அதை இறுக்கிவிடும். மெல்லிய இடைவெளி அதற்குப் பொருத்தமானது. ஆனால் ஸ்க்ரூ பாதி இறங்கும்போதே பிடித்துக்கொள்ளக்கூடும், தட்டினால் நொறுங்கும், 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தளரும். வீட்டுப் பசைகளில் என் தேர்வு அரால்டைட் போன்ற இரு குழாய்ப் பசைதான். அதற்குக் காற்றும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். இரண்டு பொருள்களும் தம்முள் வினைபுரிந்தே இறுகும், அகன்ற இடைவெளியையும் நிரப்பும். மரையில் உள்ள எண்ணெயை அசிட்டோனால் துடைத்துவிட்டு, மெதுவாக இறுகும் வகையைப் பூசி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடவேண்டும். பின்னால் கழற்ற நேர்ந்தால் சால்டரிங் இரும்பின் நுனியை ஸ்க்ரூ தலையில் வைத்துச் சூடேற்றினால் பசை இளகும். அப்படி இளகுவதாலேயே குக்கர் கைப்பிடிக்கு இதுவும் உதவாது. அங்கே புது ஸ்க்ரூ போடுவதே முறை.

மரைக்கென்றே பிறந்த பசையும் உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953-இல் உருவாக்கிய லாக்டைட், காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். காற்று அற்று, இரும்போ செம்போ தொட்டால் கெட்டிப்படும். புட்டியைப் பாதி காலியாக விட்டு விற்பது ஏமாற்று வேலையல்ல. அந்தக் காற்றுதான் பசையைக் கெடாமல் காக்கிறது. இவ்வளவு நல்லதென்றால் எல்லாவற்றுக்கும் இதையே பூசலாமே என்றால், கூடாது. பிளாஸ்டிக்கில் இது ஒழுங்காக இறுகாது, பாலிகார்பனேட் போன்றவற்றில் விரிசலும் விழவைக்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மின்விசிறியைக் கொக்கியில் தாங்கும் போல்ட்டின் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் இருக்கும். அது காணாமல் போயிருந்தால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். எந்தப் பசையையும் நம்பி அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.