குப்ரஸ் குளோரைடும் வெண்கல நோயும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கப் பகுதிச் செப்புப் பொருட்களை முன்வைத்து

முன்னுரை

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடியில், இராணி மங்கம்மாள் கொலுமண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் கோயிலுக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. செம்பாலும் செப்புக் கலவையாலும் ஆன பழம்பொருட்களைக் காப்பதில் இத்தகைய இடங்கள் எதிர்கொள்ளும் முதன்மையான இடர் 'வெண்கல நோய்' எனப்படுகிறது. பெயர் நோயென்றாலும் கிருமி எதுவும் இதிற் பங்கேற்பதில்லை. இடைநிலை உலோக ஹாலைடுகளுள் ஒன்றாகிய குப்ரஸ் குளோரைடே இதற்குக் காரணம். அச்சேர்மம் உருவாகும் முறையையும், அதனைக் கையாள்வதில் இப்பகுதிக்கே உரிய சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சேர்மத்தின் இயல்பு

குப்ரஸ் குளோரைடில் செம்பு +1 ஆக்சிசனேற்ற நிலையில் உள்ளது. அதன் 3டி ஆர்பிட்டால்களில் பத்து எலக்ட்ரான்களும் நிறைந்திருப்பதால் டி–டி தாவலுக்கு இடமில்லை. எனவே தூய சேர்மம் நிறமற்றது, நீரில் மிகச் சிறிதளவே கரைவது. கனிம நிலையில் இது நாண்டோகைட் எனப்படும். பழம்பொருளின் மேற்பரப்பில் வெளிர்பச்சைத் தூளாகக் காணப்படுவது இதுவன்று. +2 நிலைக்கு மாறிய செம்பின் டிரைஹைட்ராக்சி குளோரைடு அது. பார்ப்பவர் கண் பச்சையில் நிற்கிறது. பச்சை விளைபொருள் மட்டுமே; விளைவிப்பது அதன் அடியில், மெழுகு போன்ற வெளிறிய படலமாக மறைந்திருக்கிறது. மேலே உள்ள தூளைச் சுரண்டிவிட்டுப் பொருள் காப்பாற்றப்பட்டதாகக் கருதுவது இதனாலேயே பிழையாகிறது.

மண்ணுள் உருவாதல்

படையெடுப்புக் காலங்களில் காவிரிப் பகுதியின் செப்புத் திருமேனிகள் பல மண்ணுள் புதைத்துக் காக்கப்பட்டன. மண்ணீரிலுள்ள குளோரைடு அயனிகள், செம்பு எலக்ட்ரானை இழக்கும் இடங்களை நோக்கி நகர்கின்றன. அங்கு உருவாகும் குப்ரஸ் குளோரைடு, செந்நிறக் குப்ரஸ் ஆக்சைடு படலத்தின் அடியில் அடைபடுகிறது. ஆக்சிசனும் ஈரமும் எளிதில் எட்டாதவரை அது நூற்றாண்டுக் கணக்கில் அமைதியாகவே இருக்கும். அகழ்ந்தெடுத்த நாளில்தான் கேடு தொடங்குகிறது. புதையலாகக் கிடைத்த சிலை மண்ணுக்குள் இருந்ததைவிட அலமாரிக்குள் விரைந்து அழிவது இவ்வாறே.

காற்றில் நிகழும் மாற்றம்

நான்கு மூலக்கூறு குப்ரஸ் குளோரைடு, ஒரு மூலக்கூறு ஆக்சிசனுடனும் நான்கு மூலக்கூறு நீருடனும் வினைபுரிந்து, இரண்டு மூலக்கூறு டிரைஹைட்ராக்சி குளோரைடையும் இரண்டு மூலக்கூறு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் தருகிறது. அவ்வமிலம் ஆக்சிசன் துணையுடன் புதிய செம்பைத் தாக்கி மீண்டும் குப்ரஸ் குளோரைடை உண்டாக்குகிறது. இதனை 'முடிவற்ற சுழற்சி' எனக் கூறுவது வழக்கமாகிவிட்டது. சமன்பாட்டைக் கூர்ந்து நோக்கின் அக்கூற்று மிகையெனத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் குளோரைடில் பாதி பச்சைப் பொருளில் சிக்கிக்கொள்கிறது. ஆகவே இச்சமன்பாட்டின்படி ஒரு மோல் குப்ரஸ் குளோரைடு, அரை, கால், அரைக்கால் எனக் குறைந்துகொண்டே சென்று, மொத்தம் ஏறத்தாழ ஒரு மோல் புதிய செம்பையே அரிக்க இயலும். சிக்கிய குளோரைடு அமிலச் சூழலில் மீண்டும் விடுபடக்கூடும் என்பதால் இதனை உறுதியான எல்லையாகவும் கொள்ளுதல் கூடாது.

அப்படியாயின் இத்துணைச் சிதைவு ஏன்? விடை கன அளவில் உள்ளது. ஒரு மோல் செம்பின் கன அளவு ஏறத்தாழ 7 கன செ.மீ.; குப்ரஸ் குளோரைடாக மாறும்போது 24; பச்சைப் பொருளாகும்போது 28க்கும் மேல். நான்கு மடங்காகப் பெருகும் பொருள் மேற்படலத்தைப் பிளக்கிறது. பிளவின் வழியே, அதுவரை மூடிக்கிடந்த குப்ரஸ் குளோரைடு காற்றுக்கு வெளிப்படுகிறது.

இவ்வினைக்கு ஈரப்பதம் இன்றியமையாதது. டேவிட் ஸ்காட் 1990இல் வெளியிட்ட ஆய்வுரை, ஒப்பு ஈரப்பதம் 42 முதல் 46 விழுக்காட்டைத் தாண்டுவதை இடர் எல்லையாகக் காட்டுகிறது. திருச்சியின் காற்று ஆண்டின் பெரும்பகுதி அவ்வெல்லைக்கு மேலேயே இருக்கிறது. இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட திருவரங்கத்திற்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

செப்பேடுகளுக்கு நேரும் இழப்பு வேறு வகையானது. சக ஆண்டு 1280 (கி.பி. 1358) எனக் காலக்குறிப்புடைய மும்மடி நாயக்கரின் திருவரங்கச் செப்பேடு போன்றவற்றில் வரலாறு முழுதும் ஆழமற்ற உளிக்கீறலில் தங்கியுள்ளது. திருமேனியில் ஒரு சிறு குழி விழுந்தால் உருவம் எஞ்சும். ஏட்டில் விழுந்தால் ஓர் ஊர்ப்பெயரோ ஆண்டெண்ணோ போய்விடும்.

புளியும் உப்பும்

செம்புப் பாத்திரங்களையும் பூசைப் பொருட்களையும் புளியும் உப்பும் கலந்து தேய்ப்பது இல்லங்களில் இன்றும் உள்ள வழக்கம். புளியின் டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கிறது. உப்பின் குளோரைடு, கரைந்த செம்பு அயனியுடன் அணைவுச் சேர்மமாகிக் கரைதலை விரைவாக்குகிறது. நாள்தோறும் கழுவித் துடைக்கப்படும் குடத்திற்கு இதனால் பெருந்தீங்கில்லை. நுண்துளைகள் கொண்ட பழந்திருமேனிக்கு இதே முறை, நோய்க்கான மூலப்பொருளை நேரே ஊட்டுவதாகும்.

சீராக்கும் முறைகள்

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பெற்றது. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன், நோயுற்ற செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் சீராக்கினார். இம்முறையில் சிலை எதிர்மின்வாயாக அமையும். குப்ரஸ் குளோரைடு ஓர் எலக்ட்ரானைப் பெற்றுச் செம்பாக ஒடுங்க, குளோரைடு கரைசலுக்குச் சென்றுவிடும். கழுவுநீரில் வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றாத நிலையே முடிவைக் காட்டும். ஓர் உலோக ஹாலைடு நீங்கியதற்குச் சான்று, மற்றோர் உலோக ஹாலைடு தோன்றாமை! ஆயினும் காலம் படியவைத்த மேற்படலமும் இம்முறையில் நீங்கிவிடுவதால், பிற்காலத்தில் சோடியம் செஸ்குவி கார்பனேட் கரைசலில் ஊறவைப்பதும் பென்சோடிரையசோல் பூச்சும் அதிகம் விரும்பப்பட்டன. பென்சோடிரையசோல், செம்பு அயனியுடன் பல்லுறுப்புப் படலமாகி எஞ்சிய குளோரைடை மூடிவைக்கிறது.

அருங்காட்சியகப் பொருளுக்கு ஏற்ற இம்முறை, வழிபாட்டிற்குத் திரும்பும் திருமேனிக்குப் பொருந்தாது. திருமுழுக்காட்டிய நீரும் பாலும் அடியார்களால் உட்கொள்ளப்படுகின்றன. பென்சோடிரையசோலோ உட்கொள்ளத் தகாதது. நாள்தோறும் நனையும் உலோகத்தில் அப்பூச்சு நிலைக்கும் என எதிர்பார்ப்பதற்கும் இல்லை. இத்தகைய திருமேனிகளுக்குக் குளோரைடை மூடிவைப்பதைவிட முற்றிலும் கழுவி நீக்குவதே ஏற்புடையது. அதன்பின் திருமுழுக்கு முடிந்தவுடன் நன்னீரால் கழுவி, ஆடைமடிப்பு, அணிகலன் இடுக்கு, பீடத்தின் உட்குழிவு ஆகியவற்றில் ஈரம் தங்காதவாறு உலர்த்துதல் வேண்டும். உப்பு எந்நிலையிலும் அவற்றைத் தீண்டலாகாது.