தாமதத்தை எப்போது சொல்வது?

முன்பதிவு என்றதும் கைப்பேசியும் மின்ஸ்கூட்டரும் நினைவுக்கு வரலாம். சிங்கப்பூரில் அதன் மிகப் பெரிய வடிவம், தேவைக்கேற்பக் கட்டித் தரப்படும் பிடிஓ வீடு. 2001ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இந்த முறையைக் கொண்டுவந்த நாள்முதல், எழும்பாத கட்டடத்துக்கு மக்கள் பணம் கட்டிவருகிறார்கள். பணத்தோடு தங்கள் நாள்காட்டியையும் ஒப்படைத்துவிடுகிறார்கள். கல்யாணத் தேதி, வாடகை வீட்டின் குத்தகைக் காலம், பிள்ளை பெற்றுக்கொள்வது எப்போது என்ற பேச்சு, எல்லாமே சாவி கைக்கு வரும் நாளைச் சுற்றித்தான். 2020 ஏப்ரலில் கட்டுமானத் தளங்கள் மூடப்பட்டபோது அந்த நாள் நழுவியது. கொள்ளைநோயால் தாமதமான திட்டங்கள் 92. கடைசித் திட்டம் முடிந்தபோது 2025 பிறந்திருந்தது.

நோய்க்கு யாரைக் குறை சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தவறு யாருடையது என்பது ஒன்று, சுமை யார் தலையில் என்பது வேறொன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் வாங்குபவர் பின்வாங்கினால் வீட்டு விலையில் 5 விழுக்காட்டை இழக்கிறார். அவர் சொல் தவறினால் விலை உண்டு என்றால், பணம் வாங்கியவரின் சொல்லுக்கும் எடை இருக்கவேண்டும். 2021ல் கிரேட்எர்த் கட்டுமான நிறுவனம் நொடித்துப்போய் ஐந்து பிடிஓ திட்டங்கள், ஏறத்தாழ 3,000 வீடுகள், பாதியில் நின்றன. வேறு குத்தகையாளர்களைத் தேடி வேலையைத் தொடரும் பொறுப்பைக் கழகமே ஏற்றது. அதுதான் சரி. சரக்கு வரவில்லை, ஒப்பந்தக்காரர் கைவிட்டார் என்பதெல்லாம் பணம் வாங்கியவர் தீர்க்கவேண்டிய விவகாரம். காத்திருக்கும் குடும்பங்களுக்கு இடைக்கால வாடகை வீடுகள் உண்டு. 2024 ஜூலையில் தகுதிபெற்றோருக்கு மாதம் 300 வெள்ளி வாடகை உதவியும் வந்தது. வெளிச்சந்தை வாடகைக்கு முன் அது சிறு தொகைதான். ஆனாலும், காத்திருப்புக்குச் செலவு உண்டு என்று அந்த உதவி ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வீட்டை விட்டுக்கொடுத்தால் மீண்டும் குலுக்கலுக்கு வரிசை நிற்கவேண்டும். அங்கே பணத்தைத் திருப்பித் தருவது மட்டும் தீர்வாகாது. கடைப்பொருளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் 1975 முதல் உள்ள விதி ஒன்று இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. அஞ்சலில் விற்பவர் சொன்ன தேதிக்குள், தேதி சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பொருளை அனுப்பவேண்டும். முடியாவிட்டால் தாமாகவே தகவல் சொல்லி, காத்திருப்பதா பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று கேட்கவேண்டும். முதல் தாமதம் குறுகியது என்றால் வாடிக்கையாளரின் மௌனம் சம்மதம். இரண்டாம் முறையும் தாமதமானால் அதே மௌனத்துக்குப் பொருள் மாறிவிடும்: வெளிப்படையாகச் சம்மதிக்காதவருக்குப் பணம் திரும்பியாகவேண்டும். நம் ஊரில் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளுக்குச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. ஆனால் அங்கே படியேறும் நேரத்தில் தேவைப்பட்ட நாள் போயிருக்கும்.

அமெரிக்க விதிபோல் கதவைத் திறந்துவைத்தால் எல்லாரும் பணத்தைக் கேட்பார்கள், சிறு கடை தாங்காது என்பது வணிகர்களின் அச்சம். முன்பணம் துணிக்கும் கூலிக்கும் போய்விடுகிறது என்பது உண்மையே. அதற்காகத்தான் சீக்கிரம் சொல்லவேண்டும் என்கிறேன். தீபாவளிக்கு முன் சிராங்கூன் சாலைத் தையல் கடையை எண்ணிப் பாருங்கள். பட்டுப் புடவையிலிருந்து வெட்டிய ரவிக்கைத் துணி, அளவு எழுதிய சீட்டு குத்தப்பட்டு, கடை அலமாரியில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பே “முடியாதும்மா, வேறு இடத்தில் கொடுத்துக்கோங்க” என்று துணியைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொரு தையற்காரர் கிடைப்பார். முந்தின நாள் மாலை சொன்னால், முன்பணத்தை முழுதாக நீட்டினாலும் அதை வைத்து வாடிக்கையாளர் என்ன செய்வார்?