பழைய காருக்கு விலை சொல்வது யார்?

அயர்லாந்தில் ஓடும் ஒவ்வொரு பழைய காரின் விலைக்குள்ளும் அரசுக்கு என்றோ கட்டிய வரியின் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. அங்கே புதுக் கார் வாங்குகிறவர் வி.ஆர்.டி. எனப்படும் பதிவு வரியையும் விலையோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார். ஒருமுறை கட்டினால் போதும். சில வருடம் ஓட்டிவிட்டு அவர் விற்கும்போது, வாங்குபவர் தனியாக அந்த வரியைக் கட்டுவதில்லை. விலையில் அது கலந்தே கைமாறுகிறது. ஒரு கணக்குக்காக, 40,000 யூரோ காருக்கு 25 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம். வரி 10,000 யூரோ. அதே கார் ஆறு வருடம் கழித்து 16,000 யூரோவுக்குப் போனால், வரியும் காரோடு சேர்ந்து தேய்ந்து 4,000 யூரோ ஆகியிருக்கும். இப்போது அதே ரகத்தில், அதே வயதில் ஒரு காரை வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்தால் அவரிடம் எவ்வளவு வரி கேட்கலாம்? அந்த 4,000-க்கு மேல் ஒரு யூரோ கேட்டாலும், உள்ளூர்க் காருக்குச் சலுகையும் வெளியூர்க் காருக்குத் தண்டனையும் கொடுத்ததாகிவிடும். வேறு மாநிலப் பதிவெண்ணோடு வரும் பழைய வண்டிக்குத் தமிழ்நாட்டில் வயதைப் பார்த்துக் குறைத்து ஆயுட்கால வரி வாங்குவதன் பின்னால் இருப்பதும் இதே நியாயம்தான்.

ஐரோப்பாவில் இது வெறும் நியாயமாக நிற்காமல் சட்டமாகவே ஆகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் இன்று 110-ஆம் பிரிவாக உள்ள விதி, உள்நாட்டுப் பொருளுக்கு விதிப்பதைவிட அதிக வரியை மற்ற உறுப்பு நாட்டுப் பொருளுக்கு விதிக்கக்கூடாது என்கிறது. கார் எவ்வளவு பழசானாலும் புதுக் காரின் விலையை ஒட்டியே வரி போட்டுவந்த டென்மார்க் 1990-இல் லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றது. இரண்டு வயதைத் தாண்டிய காருக்குப் பத்தே சதவீதம் கழித்துக்கொடுத்த போர்ச்சுகல் 1995-இல் தோற்றது. ‘உள்நாட்டுப் பழைய காரின் விலையில் எஞ்சியிருக்கும் வரி’ என்பதே இறக்குமதிக் காரின் வரிக்கு உச்சவரம்பு என்று அப்போது தெளிவாயிற்று. பின்லாந்து, ஹங்கேரி, போலந்து, ருமேனியா என்று அதே தவறைச் செய்த நாடுகளின் வரிசை நீண்டது. ஆகக் கொள்கை அளவில், கார் உரிமையாளர் முப்பது வருடங்களுக்கு முன்பே ஜெயித்துவிட்டார். அப்படியிருந்தும் வழக்குகள் ஓயவில்லை. கொள்கையில் விட்டுக்கொடுத்ததை அரசுகள் விலை நிர்ணயத்தில் திரும்பப் பிடிக்க முடிவதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அயர்லாந்துச் சட்டத்தில் அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்தே காட்டலாம். 1992-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, வெளிச்சந்தை விலை என்ற ஒன்றின் மேல் வரியைக் கணக்கிடச் சொல்கிறது. அந்தக் காரை நாட்டுக்குள் சில்லறையாக விற்றால், எல்லா வரிகளும் உட்பட என்ன விலை போகுமோ அதுதான் வெளிச்சந்தை விலை. அதுவரை சரி. ஆனால் ‘வருவாய் ஆணையர்களின் கருத்துப்படி’ என்று ஒரு சொற்றொடரும் நடுவில் இருக்கிறது. கார் நாட்டுக்குள் வந்து 30 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பரிசோதனை மையத்தில் சேசிஸ் எண், ஓடிய தூரம், ரகம் எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள். விலையைத் தீர்மானிப்பது அவர்கள் இல்லை, வருவாய்த் துறை. துறையின் இணையக் கணிப்பானில் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் விலையும் வரியும் எண்களாக வந்து நிற்கும், அதுவும் உத்தேசமாக. எந்தெந்தக் கார்களோடு ஒப்பிட்டு அந்த விலைக்கு வந்தார்கள் என்பதைத் திரையில் தேடினால் கிடைக்காது. தொகை அதிகம் என்று பட்டாலும் முதலில் பணத்தைக் கட்டியாக வேண்டும். கட்டிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் துறையிடமே முறையிட வேண்டும். அதன் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் வரி மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம்.

இங்கே துறையின் பக்கமுள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முறையீடு செய்பவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது வாங்கிய ரசீதைத்தான்: ‘நான் மான்செஸ்டரில் கொடுத்ததே இவ்வளவுதான், இதைவிடக் கூட எப்படி மதிப்பிடலாம்?’ இந்த வாதம் நிற்காது; நிற்கவும் கூடாது. இங்கிலாந்தில் அயர்லாந்தின் பதிவு வரி கிடையாது, எனவே அங்கே விலை குறைவாகத்தான் இருக்கும். ரசீதை வைத்து வரி போட்டால், குறைத்து எழுதிய ரசீதுகள் ஊர் முழுக்கப் புழங்கும். மலிவாக வாங்கிய சாமர்த்தியம் வாங்கியவருக்கே சொந்தம். அதற்கும் வரியின் உச்சவரம்புக்கும் சம்பந்தமில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் போய்த் தோற்றவர்களின் கோபத்தில் பாதி, தவறான இடத்தில் செலவான கோபம்.

நிற்கக்கூடிய வாதம் வேறு. அதே வருடம், அதே இன்ஜின், அதே ரகம், ஏறக்குறைய அதே ஓட்டம் கொண்ட கார்கள் அயர்லாந்துக்குள் அந்த வாரத்தில் என்ன விலைக்கு விற்பனைக்கு நின்றன? நம் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்க, ஒப்பிட்ட கார்கள் எண்பதாயிரம்தான் ஓடியிருந்தால் அந்த வித்தியாசம் விலையில் தெரிகிறதா? கதவில் நசுங்கல், கியர்பாக்ஸில் கோளாறு என்றால், சரிசெய்ய என்ன ஆகும் என்று சுயேச்சையான மதிப்பீட்டாளர் எழுதிக்கொடுத்திருக்கிறாரா? விளம்பர விலை என்பது கேட்கும் விலைதான், பேரம் முடிந்த விலை இல்லை என்பதையும் எடுத்துச் சொல்லலாம். முறையீட்டுக்கு வலு சேர்ப்பவை இப்படிப்பட்ட சில்லறை விவரங்கள்தான். ஐரோப்பியச் சட்டத்தை முழங்கினால் மட்டும் போதாது.

‘வருகிற ஒவ்வொரு காரையும் தனித்தனியாக மதிப்பிட முடியுமா, ஒரு பொது அட்டவணை இல்லாமல் எப்படி நிர்வாகம் நடக்கும்?’ என்று கேட்பார்கள். நடக்காதுதான். ஐரோப்பிய நீதிமன்றமும் அட்டவணை கூடாது என்று சொல்லவில்லை. மறுபடியும் போர்ச்சுகல் சம்பந்தப்பட்ட 2001-ஆம் வருடத் தீர்ப்பில் அது இரண்டு நிபந்தனைகளை வைத்தது: அட்டவணை எந்த அளவுகோல்களின்படி போடப்பட்டது என்பது ஊருக்குத் தெரிய வேண்டும், என் காருக்கு இது பொருந்தவில்லை என்று உரிமையாளர் எதிர்த்துப் பேச வழியிருக்க வேண்டும். நெதர்லாந்தில் இது எவ்வளவு எளிதாக நடக்கிறது என்று பாருங்கள். அங்கே இறக்குமதி செய்பவரே மதிப்பைக் கணக்கிட்டு அறிக்கை கொடுக்கிறார். வயதுக்கேற்ற அட்டவணை, வியாபாரிகள் புழங்கும் விலைப்பட்டியல், அடிபட்ட காராக இருந்தாலோ பட்டியலில் இல்லாத காராக இருந்தாலோ மதிப்பீட்டாளரின் அறிக்கை என்று வழிகள் உண்டு. சந்தேகம் வந்தால் கேள்வி எழுப்புவது அரசின் வேலை. அயர்லாந்தில் பேச்சைத் தொடங்குவது அரசு. அதை மறுக்க ஆதாரம் தேடி அலைவது உரிமையாளர்.

வரி வழக்குகளில் நிரூபிக்கும் பொறுப்பு வரி கட்டுபவர் மேல்தான் என்று 2010-இல் அயர்லாந்தின் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆணையமும் அந்த வழியில்தான் நடக்கிறது. விவரங்கள் எல்லாம் வரி கட்டுபவரின் கையில்தானே இருக்கின்றன என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானம். வருமான வரிக்கு அது முற்றிலும் பொருந்தும். என் கல்லாவில் என்ன விழுந்தது என்பது எனக்குத்தான் தெரியும். கார் விலையில் நிலைமை தலைகீழ். நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு காரும் துறையின் பதிவேட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. உரிமையாளருக்குத் தெரிந்தது தன் ஒரு கார் மட்டும். தகவல் யாரிடம் குவிந்திருக்கிறதோ அவர்களிடமிருந்துதானே விளக்கம் முதலில் வர வேண்டும்? துறை தோற்க வேண்டும் என்பதில்லை. ஒப்பிட்ட கார்களின் பட்டியலை மதிப்போடு சேர்த்தே கொடுத்தால் போதும். கணக்கு சரியாக இருந்தால் பாதிப் பேர் முறையிடவே மாட்டார்கள்.

விலையை விடவும் கூர்மையான பிரச்சினை ஒன்று 2020 ஜனவரியில் முளைத்தது: நைட்ரஜன் ஆக்சைடு கட்டணம். கார் கக்கும் கரியமில வாயுவின் அளவைப் பொறுத்து 7 முதல் 41 சதவீதம் வரை போகும் வரிக்கு மேலே இது தனியாக விழுகிறது. கிலோமீட்டருக்கு முதல் 40 மில்லிகிராமுக்குத் தலா 5 யூரோ, அடுத்த 40-க்குத் தலா 15, அதற்கு மேல் தலா 25. யூரோ 5 தர டீசல் காருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 180 மில்லிகிராம். அந்த அளவைத் தொடும் காருக்குக் கணக்கு போட்டால் 200, 600, 2,500 என்று கூடி 3,300 யூரோ வருகிறது. கார் 25,000 யூரோ பெறுமா, 6,000 யூரோதான் பெறுமா என்று இந்தக் கட்டணம் பார்ப்பதில்லை. அளவைக் காட்டும் சான்று இல்லையென்றால் டீசலுக்கு 4,850 யூரோ, மற்றவற்றுக்கு 600 யூரோ என்று உச்சத்தொகையே விழும். பிரெக்ஸிட்டுக்குப் பின் பிரிட்டனிலிருந்து வரும் பல கார்களுக்குச் சுங்கமும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்துகொண்டதால் ஜப்பானை நோக்கித் திரும்பியவர்களுக்கு, வேறு சோதனை முறையில் அளந்த ஜப்பானியச் சான்று இன்னொரு தலைவலி.

இப்போது முதல் பத்தியின் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்ப்போம். அதே டீசல் கார் 2013-இல் அயர்லாந்திலேயே புதிதாகப் பதிவாகியிருந்தால், இந்தக் கட்டணம் அப்போது பிறக்கவே இல்லை. அதன் விலையில் எஞ்சியிருக்கும் நைட்ரஜன் கட்டணம் பூஜ்யம். பிற்பாடு வந்த கரியமில வரி குறித்த நெதர்லாந்து வழக்கில், ஒத்த உள்நாட்டுக் கார்களில் எஞ்சியிருக்கும் மிகக் குறைந்த வரியைத்தான் உச்சவரம்பாகக் கொள்ள வேண்டும் என்று 2013-இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுற்றுச்சூழலுக்கான பகுதியை மட்டும் வயதுக்கேற்பக் குறைக்காமல் விட்ட போர்ச்சுகல் 2021 செப்டம்பரில் தோற்றது. எதிர்வாதம் இல்லாமல் இல்லை: புதிய வரி கொண்டுவர ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, அதற்கு முன்பே பதிவான கார்களோடு ஒப்பிடத் தேவையில்லை என்று 2006-இல் ஹங்கேரி வழக்கில் இதே நீதிமன்றம் பேசியிருக்கிறது. ஹங்கேரித் தீர்ப்பைவிட 2013-இன் நெதர்லாந்துத் தீர்ப்பே பொருளாதாரக் கணக்கோடு ஒட்டிப்போகிறது என்பேன். வாங்குபவர் சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது இரண்டு கார்களை. எந்தச் சட்டம் எப்போது பிறந்தது என்பதையா பார்க்கிறார்?

புகையைக் கட்டுப்படுத்தத்தானே வரி என்பது கடைசிக் கேடயம். ருமேனியாவும் இதைத்தான் தூக்கிப் பிடித்தது. இறக்குமதியான பழைய கார்களுக்கு மாசு வரி, ஏற்கெனவே ஊருக்குள் புகைவிட்டுக்கொண்டிருக்கும் அதே வயதுக் கார்களுக்கு ஒன்றுமில்லை. எல்லைக்கு உள்ளே இருக்கிறது என்பதற்காகப் புகை சுத்தமாகிவிடுமா? சாலையில் ஓடும் எல்லாக் கார்களுக்கும் வருட வரி போட்டே இந்த நோக்கத்தை அடையலாமே என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. தவறாக வாங்கிய வரியைக் கட்டிய நாளிலிருந்து வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று 2013-இல் இன்னொரு தீர்ப்பு. பெயரை மாற்றி மாற்றிப் பார்த்த ருமேனியா 2017-இல் அந்த வரியையே எடுத்துவிட்டது.

அயர்லாந்தில் தனி ஆள் ஒருவரின் முறையீட்டில் இவ்வளவு பெரிய விஷயம் எல்லாம் எழுவது அபூர்வம். அங்கே சண்டை சில நூறு யூரோவைச் சுற்றித்தான் நடக்கும், அதுவும் காகிதங்களோடு. வரி கட்டிய அன்றைக்கே ஒத்த கார்களின் விளம்பரங்களைத் தேதியும் ஓட்டமும் விலையும் தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கார் விற்றதும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். முறையீட்டுக்கான இரண்டு மாதம் முடிவதற்குள் அவற்றில் பாதி காணாமல் போயிருக்கும்.