உறங்கும் கைப்பேசியும் காப்புரிமையும்

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்வோர் பலரின் பையில் தண்ணீர்ப் புட்டியோடு ‘பவர்பேங்க்’ ஒன்றும் இருக்கும். காலையில் முழுமையாக மின்னூட்டம் செய்யப்பட்ட திறன்பேசி, படம் பிடித்தும் காணொளி அனுப்பியும் மாலைக்குள் ஓய்ந்துவிடும். அதே திறன்பேசியை யாரும் தொடாமல் மேசைமீது வைத்திருந்தால், மறுநாள் காலையிலும் அதன் மின்கலத்தில் மின்சாரம் மிச்சமிருக்கும். அவ்வளவு நேரமும் அது வெறுமனே கிடப்பதில்லை. அழைப்பு வந்தால் ஒலிக்கவும் குறுஞ்செய்தி வந்தால் காட்டவும் ஆயத்தமாகவே இருக்கிறது.

இவ்வாறு விழிப்போடு இருந்துகொண்டே மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்குப் பொறியாளர்கள் பல முறைகளை வகுத்துள்ளனர். அவற்றுள் பலவற்றுக்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டுள்ளது. கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு கருவிக்கு உரிமை கொண்டாடுவது எளிதில் விளங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு முறைக்கு ஒருவர் எவ்வாறு உரிமையாளர் ஆகிறார்? அந்த உரிமையின் எல்லை எது?

கைப்பேசி உறங்கும் விதம்

கைப்பேசி அடிப்படையில் ஒரு சிறிய வானொலிக் கருவியே. அது வானொலி அலைகளின் வழியாகத் தொலைத்தொடர்புக் கோபுரத்தோடு தொடர்பு கொள்கிறது. செய்தி அனுப்பும்போது மட்டுமன்றி, யாரேனும் அழைக்கிறார்களா என்று செவிமடுத்துக் கொண்டிருக்கும்போதும் அதற்கு மின்சாரம் செலவாகும். ஆகவே, இடைவிடாமல் செவிமடுப்பதைத் தவிர்ப்பதே சேமிப்பின் முதல் படி.

4ஜி வலையமைப்பில் கைப்பேசியும் கோபுரமும் ஓர் உடன்பாட்டின்படி இயங்குகின்றன. பயன்பாட்டில் இல்லாத கைப்பேசி 0.32, 0.64, 1.28 அல்லது 2.56 விநாடிக்கு ஒருமுறை மட்டும் விழித்துக்கொள்ளும். தனக்கு அழைப்பு உண்டா என்று கணப்பொழுது பார்க்கும். இல்லையென்றால் மீண்டும் உறங்கிவிடும். எந்தக் கைப்பேசி எந்நேரத்தில் விழிக்கும் என்பது அதன் அடையாள எண்ணைக் கொண்டு கணக்கிடப்படுவதால், கோபுரமும் அதே நேரத்தில் அழைப்பை அறிவிக்கிறது.

வைஃபை இணைப்பில் வேறொரு வழி கையாளப்படுகிறது. உறங்கும் கருவிகளுக்கு வந்த தகவல்களை வைஃபை நிலையம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பொதுவாக ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை, யார் யாருக்குத் தகவல் காத்திருக்கிறது என்னும் பட்டியலை அது ஒலிபரப்புகிறது. வீட்டுக்கு வீடு கடிதம் கொண்டு செல்லாமல், வந்த கடிதங்களின் பெயர்ப்பட்டியலை வாசலில் ஒட்டி வைக்கும் அஞ்சலகத்தைப் போன்றது இது. பட்டியலில் தன் பெயர் இல்லாத கருவி கவலையின்றி உறக்கத்தைத் தொடரலாம். 1997ஆம் ஆண்டு வெளியான முதல் வைஃபை தரநிலையிலேயே இம்முறை இடம்பெற்றது.

சட்டம் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் காப்புரிமையை 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நெறிப்படுத்துகிறது. மனுக்களை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம் (மைஐபிஓ) ஆராய்கிறது. தொழில்நுட்பத் துறையில் உள்ள ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு நடைமுறையில் தீர்வு தரும் எண்ணமே ‘புத்தாக்கம்’ எனச் சட்டம் கூறுகிறது. அது ஒரு பொருளாகவும் இருக்கலாம்; ஒரு செய்முறையாகவும் இருக்கலாம். எனவே, முறை என்பதனாலேயே ஒன்று தள்ளப்படுவதில்லை.

ஆயினும், சிலவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. அறிவியல் கோட்பாடு, கணித முறை, வணிகம் செய்யும் முறை, மனத்தளவில் மட்டும் நிகழும் செயல், விளையாட்டு விதி போன்றவை அவற்றுள் அடங்கும். மின்சேமிப்பைக் கொண்டே இதை விளக்கலாம். ‘இரவில் இணையத் தொடர்பை அணைத்து வையுங்கள்’ என்பது மனிதருக்குக் கூறும் அறிவுரை. அது புத்தாக்கம் ஆகாது. மின்கலத்தில் எஞ்சிய மின்சாரத்தைக் கணிக்கும் சூத்திரம், சூத்திரம் என்ற அளவில் மட்டும் நின்றால், அது கணிதமே. ஆனால், அச்சூத்திரத்தைப் பயன்படுத்தி வானொலிப் பகுதியைத் தானே அணைத்து, உரிய நேரத்தில் எழுப்பி, மின்செலவைக் குறைக்கும் ஒரு கருவி தொழில்நுட்பச் சிக்கலுக்குத் தீர்வு தருகிறது. அதன் மனு அடுத்த கட்ட ஆய்வுக்குச் செல்லத் தகுதியுடையது.

இந்தியாவிலும் இதே கேள்வி எழுந்தது. கணினி நிரல் தனித்து நின்றால் அதற்குக் காப்புரிமை இல்லை என்று அந்நாட்டுச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. எனினும், தொழில்நுட்ப விளைவை உண்டாக்கும் ஒரு புத்தாக்கத்தை, அது கணினி நிரலை அடிப்படையாகக் கொண்டது என்னும் ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிடக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது.

தகுதி பெற்ற புத்தாக்கம் மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும். முதலாவது, அது புதியதாக இருக்க வேண்டும். உலகின் எந்த மூலையிலும் எழுத்தாலோ பேச்சாலோ பயன்பாட்டாலோ முன்னரே வெளிப்பட்டிருந்தால் அது புதியதன்று. இரண்டாவது, அத்துறையில் தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு இயல்பாகவே தோன்றிவிடக் கூடியதாக அது இருத்தல் கூடாது. மூன்றாவது, தொழில்துறையில் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும்.

‘பயன்படாதபோது உறங்கு’ என்னும் பொது எண்ணம் இன்று முதல் சோதனையிலேயே தோற்றுவிடும். ஆனால் எப்போது உறங்குவது, எதைக் கண்டு விழிப்பது, உறங்கும் வேளையில் வரும் தகவலை எங்கே வைப்பது என்பவற்றுக்குப் புதிய விடை கண்டால், அந்த விடைக்கு மட்டும் உரிமை கோரலாம். மனுவில் உள்ள ‘கோரிக்கைகள்’ நிலத்தின் எல்லைக்கற்களைப் போன்றவை. கற்களுக்கு உள்ளே இருப்பதே உரிமையாளருக்குச் சொந்தம். வெளியே இருப்பது யாவருக்கும் பொது.

ஒரு முறை, இரண்டு முடிவு

மூன்று சோதனைகளுள் மிகவும் கடினமானது இரண்டாவது. குவால்காம் நிறுவனத்துக்கும் ஆப்பிள் நிறுவனத்துக்கும் இடையே அமெரிக்காவில் நடந்த வழக்கு இதற்குச் சான்று.

திறன்பேசிக்குள் இரண்டு முக்கிய நுண்செயலிகள் உள்ளன. ஒன்று செயலிகளை இயக்குகிறது. மற்றொன்று கோபுரத்தோடு தொடர்பு கொள்கிறது. இரண்டுக்கும் இடையே தகவல் செல்லும் பாதை ஒன்று உண்டு. அப்பாதையும் உறங்கக் கூடியது. ஒவ்வொரு முறை அதை எழுப்பும்போதும் மின்சாரம் செலவாகும்.

பட்டர்வொர்த்துக்கும் ஜோர்ஜ்டவுனுக்கும் இடையே செல்லும் படகை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பயணி வந்ததும் படகு புறப்பட்டால் எரிபொருள் வீணாகும். குறித்த நேரம்வரை பயணிகள் காத்திருந்து ஒன்றாக ஏறுகின்றனர். அக்கரையில் இறக்கிவிட்ட படகு, அங்கே காத்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. ஒரே பயணத்தில் இரு பக்கத்துத் தேவையும் நிறைவேறுகிறது. 2017ஆம் ஆண்டில் குவால்காம் பெற்ற காப்புரிமை ஒன்றின் சாரமும் இதுவே. கோபுரத்திலிருந்து வந்த தகவலை ஒரு நுண்செயலி குறித்த நேரம்வரை தேக்கி வைத்து அனுப்புகிறது. அது வந்து சேர்ந்த பின்னரே, மற்றது தான் தேக்கி வைத்த தகவலைத் திருப்பி அனுப்புகிறது. இதனால், பாதை எழுப்பப்படும் தடவைகள் குறைகின்றன.

2019 மார்ச் 15இல் சான் டியாகோ நகர நீதிமன்றத்தில் ஜூரிகள், இந்தக் காப்புரிமை உட்பட மூன்று காப்புரிமைகளை ஆப்பிள் மீறியதாக முடிவு செய்தனர். அதற்கு 3 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டாலர் இழப்பீட்டையும் விதித்தனர். பதினொரு நாள் கழித்து, மார்ச் 26இல், அமெரிக்க அனைத்துலக வணிக ஆணையம் வேறொரு விசாரணையில் தன் முடிவை அறிவித்தது. தகவலைத் தேக்கி வைத்து அனுப்பும் அதே காப்புரிமையில் சர்ச்சைக்குரியதாக இருந்த கோரிக்கை, முன்னரே அறியப்பட்டவற்றிலிருந்து இயல்பாகத் தோன்றக் கூடியது. ஆதலால் செல்லாது என்றது ஆணையம். ஏப்ரல் 16இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டு தங்களுக்கு இடையிலான வழக்குகளைக் கைவிட்டன.

ஒரே முறையை ஆராய்ந்த இரண்டு மன்றங்கள் இவ்வாறு வெவ்வேறு முடிவுக்கு வந்தன. கண்டுபிடித்துக் காட்டிய பிறகு எந்த விடையும் எளிதாகவே தோன்றும். கண்டுபிடிப்பதற்கு முன்பு அது எளிதாக இருந்ததா என்பதே சட்டத்தின் கேள்வி. அக்கேள்விக்கு அளவுகோல் கொண்டு விடை காண முடியாது. மனிதரின் தீர்ப்பே தேவைப்படுகிறது.

மறைப்பதா, வெளிப்படுத்துவதா?

பினாங்கின் நாசி கண்டார் கடைகளில் குழம்பின் பக்குவம் குடும்ப இரகசியமாகப் போற்றப்படுவதுண்டு. இரகசியம் காக்கப்படும்வரை அதன் பயன் அக்குடும்பத்துக்கே. ஆனால், அது மறைந்து போனால் உலகுக்கும் இழப்பு. காப்புரிமை இதற்கு நேர்மாறான வழி. தன் முறையை மற்றவரும் செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக எழுதி வெளிப்படுத்துபவருக்கு, மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுவரை தனியுரிமை கிடைக்கிறது. அக்காலம் முடிந்ததும் அம்முறை எல்லாருக்கும் உரியதாகிறது. உரிமை நடப்பில் உள்ளபோதும் மற்றவர்கள் அவ்வாவணத்தைப் படித்து, அதைவிடச் சிறந்த வழியைத் தேடலாம்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமாக நடைபெற, எல்லைக்கற்கள் சரியான இடத்தில் நடப்பட வேண்டும். ‘மின்சாரத்தைச் சேமிக்கும் எல்லா வழியும் எனக்கே’ என்று ஒருவர் வளைத்துக்கொண்டால், பிறரின் முயற்சிக்கு இடமிராது; கைப்பேசியின் விலையும் உயரும். மாறாக, உண்மையான உழைப்புக்குப் பாதுகாப்பே இல்லையென்றால், பல ஆண்டு ஆய்வுக்குப் பணம் செலவிட எவரும் முன்வரமாட்டார்.

பினாங்குக்கு ஏன் இது முக்கியம்?

1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கே தொடங்கியது. தொடக்கத்தில் வேறு நாட்டில் வடிவமைக்கப்பட்ட சில்லுகளைப் பொருத்திச் சோதிப்பதே முதன்மையான பணியாக இருந்தது. இன்று பினாங்கில் வடிவமைப்புப் பணிகளும் நடைபெறுகின்றன. காவல் துறையினரும் மீட்புக் குழுவினரும் பயன்படுத்தும் இருவழி வானொலிக் கருவிகளை மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் இங்கு உருவாக்குகின்றனர். மீட்புப் பணியின் நடுவே மின்கலம் தீர்ந்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே, அத்தகைய கருவிகளில் மின்சேமிப்பு வெறும் வசதி அன்று. பிறர் எண்ணியதைச் செய்து கொடுப்பவர் கூலி பெறுகிறார். தாமே எண்ணி அதற்கு உரிமையும் பெறுபவர், அது பயன்படும் இடமெல்லாம் ஊதியம் பெற வாய்ப்புண்டு.

புத்தாக்கப் போட்டிகளில் பங்கேற்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கண்காட்சியில் விளக்குவதும் காணொளியாகப் பதிவேற்றுவதும் ‘வெளிப்படுத்துதல்’ ஆகும். மலேசியச் சட்டம், புத்தாக்கம் செய்தவர் தாமே வெளிப்படுத்திய ஓராண்டுக்குள் மனுச் செய்ய இடமளிக்கிறது. ஐரோப்பாவில் பொதுவாக அத்தகைய சலுகை இல்லை. மலேசியக் காப்புரிமை மலேசியாவில் மட்டுமே செல்லும் என்பதால், பிற நாடுகளிலும் உரிமை நாடுவோர் முதலில் மனுச் செய்துவிட்டுப் பிறகு காட்சிக்கு வைப்பதே அறிவுடைமை. சிறிய மேம்பாடுகளுக்குப் ‘பயன்பாட்டுப் புத்தாக்கம்’ என்னும் சான்றிதழும் உண்டு. அதற்குப் புதுமையும் தொழில்துறைப் பயனும் போதும். இரண்டாம் சோதனை இல்லை.

எண்ணம் தோன்றிய நாளையும் சோதனைகளின் விளைவையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்ல தொடக்கம். முன்பு வெளியான காப்புரிமை ஆவணங்களை இணையத்தில் தேடிப் படிப்பது அடுத்த படி. பிறர் எங்கே எல்லைக்கல் நட்டிருக்கிறார் என்று அறிந்தவருக்கே, இன்னும் யாரும் கால் வைக்காத இடம் எது என்பதும் தெரியவரும்.